கீழே ஓடிய வரி

சீரியலில் வருகிற கிறிஸ்தவனை எனக்கு நன்றாகத் தெரியும்.
கையில் கித்தார், பையில் பாட்டில்,
சாகப்போகிற எபிசோடில் மட்டும் ஜெபமாலை.
சாமியார் வந்தால் மழை பெய்யும்,
மெழுகுவத்தி மட்டும் அணையாது.
தங்கச்சிமடத்தில் எங்கள் பங்குச் சாமியார்
புல்லட்டுக்குப் பெட்ரோலை அளந்து ஊற்றுகிறார்,
"ஜெசிந்தா, உங்க வீட்டுச் சந்தா நாலு மாசம்" என்கிறார்.
அவரை எவனும் எழுத மாட்டான்.

விடிகாலை ஐந்தரைக்கு வேறு சேனல்.
வெள்ளைக் கோட்டுக்காரர் கண்ணை மூடி,
அங்கே ஒரு சகோதரிக்கு முழங்கால் வலி என்பார்.
அம்மா முழங்காலைத் தொட்டுப் பார்ப்பாள்.
அவர் காலடியில் வங்கிக் கணக்கு எண்
ஓடிக்கொண்டே இருக்கும்.
அம்மாவுக்கு வலி இடது தோளில்.

எனக்கு 'நாலு நங்கூரம்' போதும்.
தூத்துக்குடிப் பையன்கள் ஐந்து பேர்.
டிரம்ஸ்காரன் எப்போதும் அரைத் தாளம் முந்துவான்.
இரண்டாவது ஆல்பத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை,
'நீ' என்றால் கர்த்தரா காதலியா என்று
யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென ஒன்பது பாட்டு.
முதல் ஆல்பம் அப்படியில்லை.
அதில் ஆறாவது,
புயல் ராத்திரியில் பின்னணியத்திலிருந்து
நாலு நங்கூரம் போட்டுவிட்டு
விடியாதா என்று கிடந்தவர்களைப் பற்றியது.
ஸ்தோத்திரம் கிடையாது, அல்லேலூயா கிடையாது.
நாலரை நிமிடம், விடியவும் விடியாது.
கித்தார் சத்தம், ஐஸ் பார் நொறுக்குகிற மெஷின்.
பாம்பன் ஐஸ் கம்பெனியில்
அந்த மெஷினுக்கு ஆறடி தள்ளித்தான் கணக்கு எழுதுகிறேன்.
எனக்கு அது அந்நியமில்லை.

பாடகர் குழு பிலவேந்திரன் சார்
இதைச் சாத்தான் சத்தம் என்றார்.
காணிக்கைப் பாட்டுக்குக் கீபோர்டில்
'டிஸ்கோ' பொத்தானை அமுக்குகிறவர் அவர்.
சாத்தானுக்கு அந்தப் பொத்தான்தான் பிடிக்கும்.
நினைத்தேன், சொல்லவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பாட்டுப் போட்டி.
ஒரு பெண் பாடி முடித்து அழுதாள்.
நடுவர் எழுந்து வந்து அழுதார்.
அந்த அழுகையை மூன்று பக்கமிருந்து
மெதுவாக, மறுபடி மெதுவாகக் காட்டினார்கள்.
அதற்குக் கீழே ஒரு வரி ஓடியது.
நெடுந்தீவு அருகே மீனவர் பதினோரு பேர் கைது,
விசைப்படகு இரண்டு.
பிறகு, தங்கம் கிராமுக்கு எண்பது ரூபாய் குறைந்தது.

மெல்க்கி அன்று காலையில்தான் போயிருந்தான்.

செய்திச் சேனலில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர்
வேறு எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள்.
சங்கத்து நம்பர் எடுக்கவில்லை.
அம்மா பாட்டுப் போட்டிக்கே திருப்பினாள்,
வரி மறுபடி வரும் என்று.
வந்தது. பெயர் இல்லாமல்.
ஏழு முறை எண்ணினேன்.
ஏழு முறையும் மேலே யாரோ சிரித்தார்கள்,
கைதட்டினார்கள், ஒருவர் கோட்டைக் கழற்றி வீசினார்.
சோறு தட்டில் காய்ந்தது.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது.
இயர்போனைச் செருகி ஆறாவது பாட்டைப் போட்டேன்.
இருட்டில் அம்மா கையை நீட்டினாள்.
"ஒண்ணக் குடு."
வயர் குட்டை, தலையோடு தலை இடித்தது.
நாலரை நிமிடமும் அசையாமல் கேட்டாள்.
"ஒரு சொல்லும் வெளங்கல."
கொஞ்ச நேரம் கழித்து,
"இவன் வீட்டுலயும் யாரோ திரும்பல போல."
நான் சத்தத்தைக் குறைக்கப் போனேன்.
"கெடக்கட்டும்."

பேட்டரி பதினேழு சதவீதம்.
திருப்பித் திருப்பிப் போட்டேன்.
டிரம்ஸ்காரன் ஒவ்வொரு தடவையும்
அதே இடத்தில் முந்திக்கொண்டு வந்தான்,
அம்மா ஒவ்வொரு தடவையும்
அதே இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மூன்று சதவீதத்தில் பாட்டு அறுந்தது.
சங்கத்து நம்பர்.
இயர்போனைக் கழற்ற இருவருக்குமே தோன்றவில்லை.
ஆளுக்கொரு காதில்
அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஹலோ" என்றார்.